ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே காபி

வத்தலக்குண்டில் தாண்டிக்குடி பஸ் ஏறும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அய்யம்பாளையம் வரை தென்னந்தோப்பு. மலை ஏறத் தொடங்கியதும் இலவமும் எலுமிச்சையும் வரும். பெரும்பாறையை நெருங்கும்போது பயணிகள் ஒவ்வொருவராக ஜன்னலை இழுத்து மூடுவார்கள். காபி அங்கிருந்துதான் ஆரம்பம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை, இந்த மலைப்பாதை ஒரு டிக்கெட் விலைக்கு உடம்பிலேயே காட்டிவிடும்.

ஆனால் உயரத்தை மட்டும் பார்த்துக் காபி போட்டவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே உயரம், ஒரே மண், ஒரே நாற்றங்காலில் எடுத்த நாற்று. ஒரு தோட்டம் மலை முதுகுக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். ஒன்றில் செடி கொழுத்து நிற்கும். மற்றதில் இலையோரம் கருகி, கணுக்கள் நெருங்கி, கிளையெல்லாம் ஒரே பக்கமாக நீண்டு, யாரோ சீப்பால் வாரிவிட்டதுபோல் இருக்கும். வாரிவிட்டது காற்று.

காபியில் அராபிகா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. அராபிகா எத்தியோப்பிய மலைக்காட்டுச் செடி. பெரிய மரங்களின் அடியில், 15 முதல் 25 டிகிரிக்குள் வாழ்ந்து பழகியது. காட்டுக்குள் காற்று மர உச்சிகளோடு ஓடிவிடும். கீழே அசைவு குறைவு. தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தைச் செடி விடவில்லை. ஈரமில்லாத காற்று ஓயாமல் இலைமேல் பட்டால், மண்ணில் தண்ணீர் இருக்கும்போதே இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது. உணவு தயாரிப்பு நின்றுபோகும். வெளியே பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும், உள்ளே பட்டினி. காற்று இன்னும் வலுத்தால் இலையோடு இலை உராய்ந்து தோல் கிழியும், தளிர் ஒடியும், பிஞ்சு உதிரும். ரொபஸ்டா ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளிலிருந்து வந்தது. வெப்பத்தைத் தாங்கும். ஆனால் வேர் மேலாகவே ஓடுவதால் காய்ச்சலை, அதாவது மழையில்லாத வறட்சியை, அதிக நாள் தாங்காது.

தமிழில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கு வாடை, கிழக்கு கொண்டல், மேற்கு கோடை. தென்றலைப் புலவர்களிடம் விட்டுவிடலாம். காபிக்காரருக்குக் கணக்கு மற்ற மூன்றோடுதான்.

இந்தியக் காபியில் ஏறத்தாழ 70 விழுக்காடு கர்நாடகத்தில் விளைகிறது. குடகும் சிக்கமகளூருவும் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் மலைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். பழம் எடுக்கும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும். தமிழ்நாட்டின் பங்கு சுமார் 5 விழுக்காடு. அதில் நல்ல பகுதி, தாண்டிக்குடி இருக்கும் கீழ்ப்பழனி, சேர்வராயன், சிறுமலை போன்ற, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரிந்தோ தனித்தோ நிற்கும் மலைகளில் இருக்கிறது. தென்மேற்குப் பருவம் தன் மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டுத்தான் இங்கே வருகிறது. தண்ணீர் குறைவு, வேகம் குறையவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள். நேற்று நட்ட காபி நாற்று எந்த மூலை?

மலைச்சுவரில் ஓட்டை இருக்கும் இடங்களில் இந்த வேகம் இன்னும் கூடும். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் ஒரு புனல் மாதிரி. அதன் வாயில் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கமும், தெற்கே ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். காற்றாலை வைத்தவர் எதற்காக மே மாதத்தை எதிர்பார்க்கிறாரோ, அதற்காகவே எதிர்ச்சரிவில் தோட்டம் வைத்தவர் பயப்படுகிறார்.

வால்பாறை மலையில் இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு மேலே இருக்கிறது. மலை இறங்கி ஆழியாறு தாண்டினால் வெயில் பொசுக்கும் மழைமறைவுப் பூமி. நடுவில் இருப்பது சில மணி நேரப் பயணம்தான். கொட்டும் மழையில் தேயிலை கொழிக்கும். காபி சற்று ஒதுங்கி, மழை விட்டு விட்டுப் பெய்யும் சரிவைத் தேடும். காபிக்கு வருடத்தில் சில மாதம் காய்ச்சல் வேண்டும். சும்மா வேண்டும் என்பதில்லை; அது இல்லாமல் பூ ஒழுங்காக வராது.

பூவின் கதை நுணுக்கமானது. காபி மொட்டுகள் கணுக்களில் உருவாகி, பனிக்காலக் காய்ச்சலில் உறங்கிவிடும். ரொபஸ்டாவுக்குப் பிப்ரவரி, மார்ச். அராபிகாவுக்கு மார்ச், ஏப்ரல். அப்போது ஒரு நல்ல மழை, ஓர் அங்குலத்துக்குக் குறையாமல், விழ வேண்டும். இதுதான் பூ மழை. மழை விழுந்த எட்டாம் நாளோ பத்தாம் நாளோ விடியும்போது தோட்டம் முழுக்க வெள்ளை. மல்லிகை வாசனை சாலைவரை வரும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வந்து பிஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் மழை அரை அங்குலத்தோடு நின்றுபோனால் மொட்டு பாதி விழித்துக் கருகிவிடும். அதைவிடக் கொடுமை, பூ விரிந்திருக்கும் காலையிலேயே மழை பெய்வது.

இங்கே காற்று நண்பனாக வரும் ஓர் இடம் இருக்கிறது. அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ரொபஸ்டா அப்படியில்லை, அடுத்த செடியின் மகரந்தம் வந்தால்தான் காய். அதைக் கொண்டுவருவது தேனீயும் காற்றும். பூத்த அந்த இரண்டு நாள், வெயிலும் மெல்லிய உலர்ந்த காற்றும் இருந்தால் மகரந்தம் புகைபோல் பரவும். மேகம் இறங்கி மலை நனைந்து கிடந்தால் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், தேனீயும் கூட்டைவிட்டு வெளியே வராது. ஒரு வருட ரொபஸ்டா மகசூல் இரண்டு காலைப் பொழுதுகளின் வானிலையைப் பொறுத்து அமைவது விவசாயத்தில் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

கீழ்ப்பழனிக்கு இதில் தனிச் சிக்கல். அங்கே மழை வருடம் முழுக்கச் சிதறிப் பெய்கிறது. கோடை மழை, தென்மேற்கின் தூறல், பிறகு ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நீண்ட காய்ச்சல் கிடைக்காததால் மொட்டுகள் ஒரே நாளில் விழிப்பதில்லை; தவணை தவணையாகப் பூக்கும். தவணையாகப் பூத்தால் தவணையாகத்தான் பழுக்கும். ஒரே கிளையில் பச்சைக் காயும் சிவந்த பழமும் காய்ந்து கருத்ததும் சேர்ந்து தொங்கும். பழம் பறிக்கிறவர் ஒரே செடிக்கு நாலைந்து தடவை வரவேண்டும், கூலி ஏறும். செடியில் எப்போதும் ஏதாவது காய் இருப்பது காய்த் துளைப்பான் வண்டுக்கும் வசதி. இந்தியாவில் அந்த வண்டு முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1990இல், நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில்.

பிறகு வருகிறது வடகிழக்குப் பருவம், சரியாகப் பழம் எடுக்கும் நேரத்தில். கர்நாடகத்துக்காரர் களத்தில் காபியைக் கொட்டிவிட்டு நிம்மதியாகப் பல்லைக் குத்திக்கொண்டிருக்கும் மாதங்களில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டிசம்பரில் அங்குள்ள ஏதாவது ஒரு களத்தில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். பல்பரில் தோல் நீக்கிக் கழுவிய கொட்டை, பார்ச்மெண்ட் என்பார்கள், சிமெண்ட் தரையில் விரல் கனத்துக்குப் பரப்பியிருக்கும். பதினொரு மணிக்கு வெயில் ஏறும். மரப்பலகையால் கிளறிவிடுவார்கள், கொட்டை சலசலவென்று சத்தம் போடும். இரண்டு மணிக்குப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவரும். யாரோ ஒருவர் குரல் கொடுப்பார். எல்லோரும் ஓடிவந்து குவித்து, தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் கல் வைப்பார்கள். மூன்று மணிக்கு மறுபடி வெயில் அடித்தால் மறுபடி பரப்ப வேண்டும். ஒழுங்கான வெயிலில் ஏழெட்டு நாளில் 10 விழுக்காடு ஈரத்துக்கு வரவேண்டிய கொட்டை, இப்படி மூடித் திறந்து பதினைந்து நாள் இழுத்தால் பூஞ்சை வாடை ஏறும். கோப்பையில் அதை எந்தச் சிக்கரியும் மறைக்காது. அந்த நேரத்தில் எல்லோரும் கும்பிடும் காற்று வாடைதான். குளிர்ந்தாலும் உலர்ந்த காற்று. மேகத்தைக் கலைத்து ஈரத்தை வாங்கிக்கொண்டு போய்விடும்.

காபி வாரியத்தின் தலைமை ஆராய்ச்சி நிலையம் கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் இருக்க, தாண்டிக்குடியில் தனியே ஒரு மண்டல ஆராய்ச்சி நிலையம் நடப்பதன் பொருத்தம் இப்போது புரியும். மேற்குச் சரிவுக்கு எழுதிய பஞ்சாங்கம் கிழக்குச் சரிவுக்குச் செல்லாது. எந்த மாதம் உரம், எந்த மாதம் கவாத்து, பூஞ்சைக்கு எப்போது போர்டோ கலவை தெளிப்பது என்று எல்லாமே தள்ளிப்போகும். ஏற்காட்டுக்கு 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தபோது இந்தப் பஞ்சாங்கங்கள் எதுவும் கிடையாது. நட்டுப் பார்த்து, பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

காற்றின் சேதத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வயதுச் செடி ஒன்றின் அடியில் குனிந்து சருகை விலக்குங்கள். காற்றடிக்கும் சரிவாக இருந்தால், தண்டு மண்ணுக்குள் நுழையும் இடத்தில் மண் புனல்போல் குழிந்திருக்கும். செடி நாளெல்லாம் ஆடி ஆடித் தானே தோண்டிய குழி அது. மண் இறுகும் காலத்தில் குழியின் விளிம்பு தண்டைச் சுற்றி அரம்போல் தேய்க்கும். பட்டை வளையமாக உரிந்திருப்பதை விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். மேலே இலை மஞ்சளாவதைப் பார்த்து உரக்குறை என்று யூரியா போட்டவர்கள் உண்டு. வேண்டியது யூரியா இல்லை, ஒரு குச்சி. நட்ட கையோடு முட்டுக்குச்சி ஊன்றி, தண்டை எட்டு வடிவ முடிச்சில் தளர்வாகக் கட்டிவிட்டால் இந்தக் காயம் வராது.

பெரிய பாதுகாப்பு மரவரிசை. காற்றுத் தடுப்பு என்றதும் சுவர் மாதிரி நெருக்கமாக வைக்கத் தோன்றும். அது தப்பு. முழுச் சுவரில் மோதிய காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். சுவருக்குப் பின்னால் இருக்கும் செடிக்குத்தான் அடி. பாதிக் காற்றை வடிகட்டி விடும் வேலி நல்லது. அப்படிப்பட்ட வரிசை தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை, காற்று தாண்டிப் போகும் பக்கத்தில், வேகத்தைக் கணிசமாகக் குறைக்கும். 15 மீட்டர் மரம் என்றால் 150 மீட்டர். இது சமதளக் கணக்கு. சரிவில் காற்று மலையோடு ஒட்டி ஏறுவதால் வரிசைகளை நெருக்கி வைக்க வேண்டும்.

எந்த மரம் என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. நம் தோட்டங்கள் சில்வர் ஓக்கில் மயங்கிக் கிடக்கின்றன. ஆஸ்திரேலிய மரம், விரைவாக, நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், பணம் தேவைப்படும் வருடம் வெட்டி விற்கலாம். எல்லாம் சரி. ஆனால் கிளை நொறுங்குகிற மரம் அது. பலாவும் அத்தியும் சந்தன வேம்பும் கல்யாண முருங்கையும் கலந்து நின்ற பழைய தோட்டத்தில் உயரம் உயரமாக அடுக்கு இருந்தது. காற்று ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் வேகத்தை விட்டுவிட்டுப் போகும். கீழ்ப்பழனியில் அந்த அடுக்கில் ஆரஞ்சும் விருப்பாச்சி மலைவாழையும் இருந்தன. வாழையில் பெரும்பகுதியை முடிக்கொத்து நோய் கொண்டுபோனது. அந்த இடைவெளியிலும் சில்வர் ஓக் வந்து உட்கார்ந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவைச் சாய்த்துவிட்டுத் திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே போனது. டெல்டாவின் தென்னைகள் செய்தியில் வந்த அளவுக்கு மலைத்தோட்டங்கள் வரவில்லை. ஆடிக் காற்றுக்கு மேற்கே பார்த்து வேலி போட்ட மலையில் அடி எதிர்ப்பக்கமிருந்து விழுந்தது. அதுவும் ஐப்பசி முடியும் நேரம். மண் ஊறிக் குழைந்திருந்ததால் வேர்ப்பிடி தளர்ந்த மரங்கள் பழம் நிறைந்த செடிகள்மேல் சாய்ந்தன.

மரம் விழுந்த நாளோடு நட்டம் முடிவதில்லை. நிழல் போன இடத்தில் வெயில் நேரே தண்டில் அடிக்கும். அராபிகாவின் பெரும் பகையான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் படும் தண்டைத் தேடித்தான் முட்டையிடும். ஏப்ரல் மே மாதமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் அது பறக்கும் காலம். புழு மாதக்கணக்கில் உள்ளேயே குடையும். செடி வாடுவது வெளியே தெரியும்போது பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. நிழல் மரம் மறுபடி உயர ஐந்தாறு வருடமாவது ஆகும். ஆக, ஓர் இரவுக் காற்றின் கடன் அடுத்த பல வருடங்களுக்கு வட்டியோடு வசூலாகிறது.

காற்று கொண்டுவந்த இன்னொன்று தமிழர் வரலாற்றையே திருப்பியது. இலங்கை மலையகத்துக்கு நம் மக்கள் முதலில் கொண்டுசெல்லப்பட்டது தேயிலைக்காக அல்ல, காபிக்காக. மலைமலையாகக் காட்டை மொட்டையடித்து, நிழலும் இல்லாமல் தடுப்பும் இல்லாமல் காபி நட்டார்கள். 1869இல் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுப் பொடி தெரிந்தது: இலைத்துரு நோய். அந்தப் பொடி பூஞ்சையின் வித்து. மழைத்துளி பக்கத்து இலைக்குத் தெறிக்க வைக்கும், காற்று பக்கத்து மலைக்குக் கொண்டுபோகும். 1880களின் தொடக்கத்தில் அங்கே அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர், பசையுள்ள கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து வித்துகளைப் பிடித்துக் காட்டினார். காரணம் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. காபி போய்த் தேயிலை வந்தது. நூறாண்டு கழித்து, 1970இல், அதே நோய் பிரேசிலில் தென்பட்டபோது, ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வணிகக் காற்றே அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

காற்று அடிக்காமல் இருப்பதாலும் கேடு உண்டு. தெளிந்த, அசைவற்ற குளிர்கால இரவில் மலைமேல் குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலக் காபியைக் கருக்கிய உறைபனியின் விலையை உலகம் முழுவதும் காபி குடித்தவர்கள் இரண்டு வருடம் கொடுத்தார்கள். நம் காபி மலைகளில் அந்த அளவு இல்லை. ஆனால் மூடிய பள்ளத்தில் காற்றோட்டமில்லாமல் ஈரம் தேங்கினால், பருவமழையில் இலையும் காயும் கருத்து அழுகி நூலில் தொங்குவதுபோல் தொங்கும். நிழலை அடர்த்தியாக விட்டால் அழுகல், வெட்டினால் துளைப்பான். மே மாதம் மரமேறிக் கிளை கழிக்கிறவர் எந்தக் கிளையை விடுகிறார் என்பதில் அந்த வருட லாபம் இருக்கிறது. வடக்கு, கிழக்குச் சரிவுகளைத் தேர்ந்தெடு என்று காபி வாரியம் சொல்வதும் பிற்பகல் வெயிலை மனதில் வைத்துத்தான்.

எல்லாம் கூடிவந்த இடமும் உலகில் உண்டு. ஹவாய்த் தீவின் கோனா. வடகிழக்கு வணிகக் காற்றை மௌனா லோவா, ஹுவலாலாய் எரிமலைகள் மறித்துக்கொள்ள, மறைவில் காபி. காலையில் வெயில், நண்பகலில் கடல்காற்று மலையேறி மேகமாகும், பிற்பகல் முழுக்க நிழல், கோடையில் மழை. நாம் மரம் வைத்துச் செய்வதை அங்கே மேகம் இலவசமாகச் செய்கிறது.

நம் மலையில் ஒவ்வொரு முகடும் ஒவ்வொரு மாதிரி. மழையைப் பொறுத்து இழப்பீடு தரும் காப்பீடு காபிக்கு வந்ததுண்டு. அது நம்பியது தோட்டத்தை அல்ல, குறிக்கப்பட்ட மழைமானியை. மானி இருக்கும் மேட்டில் பூ மழை விழுந்து, உங்கள் பள்ளத்தில் விழாவிட்டாலும் கணக்குப்படி உங்களுக்கும் மழை பெய்ததாகவே ஆனது. இதனாலும், இதற்கு முந்திய பழக்கத்தாலும், சொந்தமாக மழைமானி வைத்து நோட்டில் எழுதிவரும் தோட்டங்கள் பல. அங்குலத்தில், அதன் நூறில் ஒரு பங்கான சென்ட்டில் எழுதுவார்கள். தாத்தா காலத்து நோட்டுகூட அலமாரியில் இருக்கும். காற்றுக்கு அப்படி நோட்டு வைத்திருக்கும் தோட்டம் அரிது. தோட்டம் வாங்க வரும் விவரமானவர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் மேட்டில் ஏறி, முதிர்ந்த மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்து விலை பேசுவார்கள்.